மதார் சாகிப் ஓட்டிப் பார்த்த மீன் வேன்

செங்கற்பட்டு இரயில் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டிகளைப் பழுதுபார்த்துவந்த மதார் சாகிப்புக்கு 1974இல் முப்பத்தாறு வயது. ஓடும்போது தோன்றும் கோளாறை நிற்கும் வண்டியில் அவர் தேடமாட்டார். "ஆறிப்போன வண்டிய எங்கிட்ட கொண்ணாராதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதை வெறும் பிடிவாதம் என்றே பலரும் கருதினர். அவ்வாண்டு ஆகஸ்ட் முப்பத்தோராம் நாள் காலைவரை நானும் அப்படித்தான் கருதியிருந்தேன்.

அப்போது ஆய்வுக்காக மாமல்லபுரத்தில் தங்கியிருந்தேன். சனிக்கிழமைதோறும், இரயிலேற்ற மீன் கொண்டுபோகும் பக்தவச்சலத்தின் வேனில் செங்கற்பட்டு வருவது வழக்கம். பக்தவச்சலத்துக்கு ஒரு விசைப்படகும் இந்த வேனும் சொந்தம். ஆறு ஆண்டுகளாக வேனை ஓட்டியவர் தேசப்பன். ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு வேனில் ஒரு தொல்லை தொடங்கியது. திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போது பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், சக்கரங்கள் புகையும். மூன்று பட்டறைகளில் காட்டினார்கள். வண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்; சக்கரங்கள் தடையின்றிச் சுழலும். ஓட்டுநர் பிரேக் மீதே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று மூவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். பக்தவச்சலம் அதை நம்பினார். இன்னொரு முறை புகை வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடவேண்டும் என்று கூறிவிட்டார். தேசப்பன் மதார் சாகிப்புக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த முப்பத்தோராம் நாள் காலை மாமல்லபுரத்துக்கு முதல் பேருந்தில் வந்து இறங்கிய மதார் சாகிப் வேனை ஒருமுறை சுற்றிவந்தார். எதையும் கழற்றவில்லை.

"தேசப்பா, நீ பின்னால போய் மீன் கூடையோட குந்து. வண்டிய நான் ஓட்றேன்."

பக்தவச்சலம் சிரித்தார். "நீ ஓட்னா பொகை வராது பாய். அதத்தானே நானும் சொல்லிகினுகீறேன்."

"வராட்டி சாவிய நீயே வச்சிக்கோ அண்ணாத்த."

தேசப்பன் பின்புறம் ஏறி, மீன் விற்கும் ஆதியம்மாளின் அருகே உட்கார்ந்தார். முன்னிருக்கையில் பக்தவச்சலமும் நானும். மதார் சாகிப் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். பக்தவச்சலத்தின் கண்கள் அவருடைய பாதத்தைவிட்டு அகலவில்லை. அந்தப் பாதம் பிரேக்கைத் தொட்ட தடவைகளை நான் எண்ணிவந்தேன்: பதினொன்று. ஒவ்வொரு முறையும் காலை உடனே எடுத்துவிட்டார்.

திருக்கழுக்குன்றத்து மலை தெரியத் தொடங்கியபோது வண்டி கனத்தது. எஞ்சின் முனகியது. கருகல் வாடை எழுந்தது. சமதரையில் கியரை விடுவித்ததும், யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல வேன் நின்றுவிட்டது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது.

ஆதியம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "மொதலாளி, தேசப்பன் காலு ரெண்டும் இங்க எம்பக்கத்துல கீது. இது எந்தக் காலு வுட்ட பொகை?"

பக்தவச்சலம் கதவைத் திறந்து இறங்கினார்.

மதார் சாகிப் ஆதியம்மாளிடம் ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கினார். விரல்களை நனைத்து ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் தெளித்தார். நான்கிலும் சுர்ரென்றது.

"ஒண்ணு மட்டும் சுட்டா அந்தச் சக்கரத்தப் பாக்கலாம். நாலும் சுடுது. நாலுக்கும் எண்ணெ அனுப்பற எடத்துலதான் தப்பு."

முன்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தேசப்பனும் நானும் சேர்ந்து முயன்றும் சக்கரம் அசையவில்லை. அதன் பின்புறமிருந்த, பிரேக் எண்ணெயை வடிக்கும் சிறு நிப்பிளை அவர் தளர்த்தினார். பெடலில் யாருடைய காலும் இல்லை. இருந்தும் எண்ணெய் பீறிட்டது. அடுத்த கணம் சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுழன்றது. ஒரே எண்ணெய்க் குழாயில் இணைந்திருந்த மற்ற மூன்று சக்கரங்களும் அதே நொடியில் விடுபட்டிருந்தன.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளை எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளிப் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். காலை எடுத்ததும் எண்ணெய் அந்த உருளையிலுள்ள ஒரு நுண்ணிய துளை வழியாகப் பிரேக் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பவேண்டும். துளை அடைபட்டால் எண்ணெய் சிறைப்படும், சூட்டில் விரியும், விரிய விரியப் பிடி இறுகும், இறுக இறுகச் சூடு ஏறும். ஆறினால் எல்லாம் தளர்ந்துவிடும். மூன்று பட்டறைகளின் கண்ணில் படாத உண்மை இதுதான்.

மதார் சாகிப் எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தார். டம்ளர் நீரில் ஒரு சொட்டு விட்டார். அது வானவில் நிறம் காட்டி மிதந்தது. தம் பையிலிருந்த புட்டியைத் திறந்து அதே நீரில் நல்ல பிரேக் ஆயிலையும் ஒரு சொட்டு விட்டார். அது நீரோடு கலந்து மறைந்தது.

"மெதக்கறது எஞ்சின் ஆயிலு. உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் இத்த குடிச்சி உப்பிப்போய் தொளைய மூடிக்கினுகீது. யார் ஊத்தனது?"

எல்லோரும் தேசப்பனைப் பார்த்தோம்.

"அவன் இல்ல" என்றார் பக்தவச்சலம். "கிருத்திகைக்கு அவன் திருப்போரூர் போய்ட்டான். நான்தான் வண்டி கழுவனேன். டப்பால எண்ணெ கம்மியா இருந்துச்சி. படகுக்கு வாங்கி வச்சது, ஒசத்தி ஆயிலாச்சேன்னு…"

அவருடைய படகின் எஞ்சினில் ஒருநாளும் எண்ணெய் குறைந்ததில்லை என்பது குப்பமெல்லாம் அறிந்த செய்தி. அந்த அக்கறைதான் வேனின் சக்கரங்களைக் கட்டிப்போட்டிருந்தது.

மதார் சாகிப் சாவியை அவரிடம் நீட்டினார். பக்தவச்சலம் அதை வாங்கித் தேசப்பன் கையில் வைத்தார். "ஏறுடா. ரயிலு போய்டும்."

"ஏறறேன் மொதலாளி. இனிமே அந்த டப்பாவ மட்டும் தொடாத."

"தொட்டா கைய வெட்டு" என்றபடி பக்தவச்சலம் மீன் கூடைகளோடு பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் இரண்டு முறை நிறுத்தி எண்ணெய் அழுத்தத்தை வடித்துவிட்டு மெல்ல ஓட்டி வந்தோம், மீன் இரயிலேறியது. பிற்பகலில் மதார் சாகிப்பின் கொட்டகையில் எல்லா ரப்பர்களையும் மாற்றிக் குழாய்களைக் கழுவினார்கள். உப்பிய வாஷரை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். புதியதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். ஒரு மனிதரின் ஆறாண்டு உழைப்பு அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை தேசப்பன் ஓட்டிவந்த வேன் நிலையத்தில் நின்றதும், மதார் சாகிப் ஈரக் கையோடு வந்தார். நான்கு டிரம்களிலும் தெளித்தார். துளிகள் ஓசையின்றி வழிந்து மண்ணில் சொட்டின.