எருக்கை வெட்டச் சொன்னவன்

பிள்ளையாருக்குச் சாத்த மன்னார்குடிக் கடைத்தெருவில் எருக்கம்பூ மாலை வாங்கினேன். ஒரு மொட்டின் அடியில், செடியின் சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சியான மஞ்சள் அசுவினி அப்பியிருந்தது. அதில் ஒன்று மட்டும் உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்டமான ஓட்டையோடு இருந்தது. நான் மாலையைக் கண்ணருகே பிடித்து நிற்பதைப் பார்த்துப் பூக்காரம்மா வேறு மாலை தருவதாகச் சொன்னார். அந்த ஓட்டைக்காகவே இதை வாங்குகிறேன் என்றால் என்ன நினைத்திருப்பாரோ.

அது ஒரு குளவி வெளியே வந்த வாசல். கடுகளவுதான் இருக்கும் அந்தக் குளவி. அசுவினியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி, முதுகை வட்டமாக அறுத்துக்கொண்டு பறந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் எருக்கில் இப்படி அசுவினியைத் தின்னும் பூச்சிகள் வாழ்வதை நான் தெரிந்துகொள்ள ஒருவருடைய உளுந்து பாழாக வேண்டியிருந்தது.

விவசாய டிப்ளமா முடித்து வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேண்ட் மடிப்புக் கலையாமல் வரப்பில் நடப்பேன். வரப்பில் எருக்கு இருந்தால் அசுவினி பயிருக்கு ஏறும், வெட்டி எறியுங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொன்னேன். அன்றைக்கே வெட்டியவர் செல்வி. நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து, சம்பாவுக்குப் பின் உளுந்து போட்டிருந்தார். உளுந்து தவறினால் குத்தகையும் போய்விடும்.

கொஞ்ச நாளில் உளுந்தெல்லாம் கறுப்பு அசுவினி. பதறி ஓடினேன். வாய்க்கால் கரையில் யாரும் வெட்டாத எருக்கு ஒன்று நின்றது. அதில் பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் மஞ்சள் அசுவினியைக் கவ்விக் கவ்வித் தின்றுகொண்டிருந்தன. பக்கத்து உளுந்துக்கும் அந்த வண்டுகளே பறந்துபோய்க் கறுப்பை ஒரு கை பார்த்தன. மஞ்சளோ எருக்கை விட்டுப் பயிருக்கு நகரவே இல்லை. வாய் பிளந்து நின்றேன்.

செல்வி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டச் சொன்னப்ப இதெல்லாம் பாத்தீங்களா சார்?"

"பாக்கலங்க" என்றேன்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த எருக்கின் கொப்புகளை வண்டோடு ஒடித்து உளுந்துக்கு நடுவே செருகினார். பாதி தேறியது. குத்தகையும் நிலைத்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மற்ற ஊர்களுக்குத் திரும்பிப் போய், வெட்டாதீர்கள் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. சொல்லவே இல்லை.

இப்போது அந்த வாய்க்காலின் இரு கரையும் சிமெண்ட். போன தையில் செல்வி போன் செய்தார். "எருக்கு எங்கயாச்சும் இருந்தா வண்டோட ரெண்டு கொப்பு கொண்டாங்க சார்."

கூட்டம் போட்ட ஊர்களுக்கெல்லாம் போய் வரப்பு வரப்பாகத் தேடினேன். ஒரு செடி இல்லை. என் பேச்சை எல்லோரும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள்.