ஈரத்துணியில் சிமெண்ட்

காலாப்பட்டில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது, காலை பஸ்ஸில் அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒரு ஆராய்ச்சிக்காரர் என்னோடு வருவார். ஒடிசலான ஆள், சட்டைக் கையில் எப்போதும் சாம்பல் கறை. அவருடைய டிபன் பாக்ஸில் சோறு இருக்காது. ஈரத்துணியில் சுற்றிய சிமெண்ட் துண்டுதான் இருக்கும். கோட்டக்குப்பம் தாண்டியதும் பாக்ஸைத் திறந்து, துணியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் ஒரு படத்தைக் காட்டினார். சிமெண்ட்டுக்குள் வளரும் படிகங்களாம், ஊசி ஊசியாக இருந்தன. "அழகா இருக்கு சார்" என்றேன்.

"இது பொணத்தோட படம்ங்க. அந்தப் படிகத்தோட அடுக்கே உள்ள இருக்குற தண்ணியாலதான் நிக்குது. படம் எடுக்குற மெஷின்ல காத்தை உறிஞ்சும்போது தண்ணியும் போயிடும், அடுக்கு சரிஞ்சிடும். முழுசா இருக்கறப்ப அது எப்படி இருக்கும்னு இத்தனை வருசத்துல நான் பாத்ததே இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் ஈரத்துணி?"

"மெஷின் வரைக்குமாவது இருக்கட்டும்னுதான்."

பிறகு ஒருநாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவர் நின்றுகொண்டு வந்தார். யாரோ உதவியாக அவர் பாக்ஸை வாங்கி, டிரைவர் பக்கத்தில் கொதிக்கிற இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டார்கள். இறங்கித் திறந்தபோது துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"இனிமே ஊத்தினா நனையும், அவ்வளவுதான். அடுக்கு பழையபடி நிக்காது."

அப்படிச் சொன்னவர்தான் பாட்டிலை வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் அதன்மேல் ஊற்றினார்.