கம்ப்ரசர் காலுக்கடியில் ஒரு வீரன்

பதினோரு வருஷமாக மெக்கானிக்கின் வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அக்கா புருஷன், ஊருக்கே முடி வெட்டுகிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கிவிட்டார்.

சலூன்காரருக்கு ஒரு கண் கத்தரி என்றால் மறு கண் காமிக்ஸ். நாற்காலியில் உட்காருகிறவனின் மூஞ்சியைப் பார்த்தே எந்தச் சாகச வீரன் இவனுக்குச் சரிப்படுவான் என்று சொல்லிவிடுவார். பறக்கத் தெரிந்தும் உயரம் என்றால் நடுங்குகிறவன் கதை தபால்காரருக்கு. "மூணாவது பாகத்துல இருந்து ஆரம்பிங்க. முன்னாடி ரெண்டும் வளவள." நாற்பது வில்லன்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் மாமியாருக்குப் பதில் பேசாதவன் கதை பேங்க் வாட்ச்மேனுக்கு. "இரும்புக் குடைக்காரன் பக்கமே போகாதீங்க. படம் பளபளப்பு, கதை ஊசிப்போனது."

அன்றைக்கு மெக்கானிக்கின் முறை வந்தது. ஒல்லியாக ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டார்.

"மாப்ளைக்கு இதான். ஒரு எழுத்து கிடையாது, முழுக்கப் படம்."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக் அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். காது சூடாகிவிட்டது. நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், ஆடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் காலுக்கடியில் அதைச் செருகினான். ஆட்டம் நின்றது. மாமா "படிச்சியா?" என்று கேட்டபோதெல்லாம் "நல்லாருக்கு" என்று சொல்லி ஒப்பேற்றி வந்தான்.

இப்போது சர்க்கரை மாமாவின் கண்ணைத் தின்றுவிட்டது. ஒன்று போயே போய்விட்டது. மற்றதில் ஒரே புகைமூட்டம். நாளை மறுநாள் ஆபரேஷன். டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை. தபால்காரரும் வாட்ச்மேனும் முறைவைத்து வந்து கதை வாசித்துக் காட்டினார்கள். அந்த நேரத்தில்தான் மெக்கானிக்குக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது.

"மாப்ளே, எழுத்து இருக்கறதை வாசிக்க ஆள் இருக்கு. எழுத்தில்லாததை யாரு வாசிப்பா? அதை நாளைக்குக் கொண்டாந்து நீயே சொல்லு. கத்திக்கு முன்னாடி எனக்கு அது வேணும்."

மெக்கானிக்குக்கு வேலையே ஓடவில்லை. ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று விழித்தான். சட்டைப்பையில் போட்ட போல்ட்டைத் தரையில் தேடினான். கடைசியில் கம்ப்ரசருக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, புத்தகத்தை உருவினான். அட்டையில் கால் பதிந்த வட்டக் குழி. எண்ணெய் குடித்துக் கடைசி ஆறு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் கிழியும்.

மறுநாள் சலூனில் மாமா பெஞ்சில் இருந்தார். மெக்கானிக்கை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவனுக்கு அது முள்ளாகக் குத்தியது. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"உக்காருடா, நாற்காலி ஓடிறாது. சொல்லு."

"முதல் பக்கம் ரெண்டு கால் மட்டும் தெரியுது. வண்டிக்கடியில படுத்திருக்கான். முகமூடி இல்ல, மூஞ்சி பூரா கிரீஸ்." மெக்கானிக் நிறுத்தினான். "மெக்கானிக்கா மாமா இவன்?"

"மேல போ."

"பஸ் பள்ளத்தாக்குப் பக்கமா சரியுது. ஒரு கையால பஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால..." குனிந்து பார்த்தான். குரல் ஏறியது. "எந்தக் கபோதி இதை வரைஞ்சான்? கழட்ட வேண்டிய நட்டை வலது பக்கம் திருகறான். இன்னும் இறுகிப்போகும். அத்தனை பேரும் காலி."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். இருமல் வந்து அடங்கியது.

"அது மூணாவது பக்கம். அதைப் பாத்ததும் நீ திட்டுவேன்னுதான் உனக்குக் குடுத்தேன். 'நல்லாருக்கு'ன்னு வந்து நின்னியே, அன்னிக்கே தெரியும், நீ தொறக்கவே இல்லைன்னு."

மெக்கானிக் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டுக்கிட்டேதானே இருந்தேன்."

ஒட்டிக் கிடந்த பக்கங்களை மெக்கானிக் மாமாவின் விரலில் கொடுத்தான். "கடைசி ஆறு பக்கம் போச்சு. பஸ் என்னாச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

மாமா அந்தக் கட்டியை ஓரமாகத் தடவிப் பார்த்தார்.

"மறந்துபோச்சுடா. வெந்நி ஆவியில காட்டி மெதுவா பிரி. ஒரு பக்கம் கிழிஞ்சாலும் பரவாயில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னை உள்ள தள்ளிட்டுப் போறதுக்குள்ள சொல்லிடு. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதே."