குடத்தைத் தூக்கிட்டு வாங்க

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் நான். இரத்தினபுரிப் பக்கம் நான் போய்ச் சேர்ந்த கோர்ட்டில் அந்தக் கோட்டுக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் விளங்கவில்லை. முதல் நாள் காவலர் என்னைக் கைதிகளின் உறவினர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அனுப்பினார். சட்டத்தரணிகள் அறையில் ஒரு பெரியவர், மரியாதையாகவே, இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். காலையில், நிவித்திகல பஸ்ஸில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் நான் ‘வத்தே லோயர்’, தோட்டத்து வக்கீல். என் நாற்காலியில் எப்போதும் யாருடைய பையாவது உட்கார்ந்திருக்கும்.

அதைவிட வலித்தது, நம் ஆட்களே வராததுதான். லயத்து வரிசை வீட்டில் பிறந்த பையன் பேசினால் நீதவான் கேட்பாரா என்ற பயம் அவர்களுக்கு. இந்தக் கோயில் அம்மனிடம் தினமும் ஒன்றையே கேட்டேன்: தாயே, ஒரு வழக்கு கொடு.

கொடுத்தாள். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

பாக்கியம் அக்கா வந்தார். அவர் புருஷன் ராமையா அண்ணன், தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர், கத்தியால் செடி கழிக்கிற வேலை. ஒரு நாள் முழுக்க உழைத்தவருக்குக் கணக்கப்பிள்ளை அரைப்பேர், அரைநாள் கூலிதான், போட்டுவிட்டார், வாய்த்தகராறு. கத்தியோடு வந்து மிரட்டினார் என்று வழக்கு. அண்ணன் விளக்கமறியல் சிறையில். தண்டனை விழுந்தால் வேலை போகும், அதோடு லயத்து வீடும் போகும்.

“எல்லா லோயரும் முடியாதுன்னுட்டாங்க தம்பி. அதான் ஒங்ககிட்ட வந்தேன்” என்றார் அக்கா. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அண்ணனை மாட்டிவைத்தது அவருடைய சொந்த வாய். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் ‘கத்தியை உஸ்ஸகென வந்தேன்’ என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதியிருந்தார். உயர்த்தி ஓங்கிக்கொண்டு வந்தேன் என்று அர்த்தம். அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டேன். கத்தியத் தூக்கிட்டு வந்தேன்னுதான் சொன்னேன் என்றார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நிறையப் படித்தவனாயிற்றே.

விசாரணை நாள் விடியற்காலையில் நம் கோயிலுக்கு வந்தேன். கண்ணை மூடி, நாவன்மை கொடு தாயே என்று கேட்டேன். கேட்டேன் என்ன, அழுதேன். பக்கத்தில் பூசாரியின் குரல்.

“சும்மாதான நிக்கிறீங்க தம்பி. பீலியில குடம் நெறஞ்சிருக்கும், தூக்கிட்டு வாங்க.”

கோர்ட்டுக்குப் போகும் சட்டத்தரணியிடம் பேசும் பேச்சா? கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, மலைத் தண்ணீர் விழும் அந்தப் பீலிக்குப் போனேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி வழி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் இதை ஓங்கவில்லையே. ஆனாலும் தூக்கிட்டுத்தானே வருகிறேன். உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் சிந்தியதாலும் இருக்கலாம்.

கோர்ட்டில் அண்ணனிடம் கேட்டேன், அன்று சோற்றுப் பாத்திரத்தை என்ன செய்தீர்கள் என்று. தூக்கிட்டு வந்தேன் என்றார். மொழிபெயர்ப்பாளர் ‘அரகென’ என்றார், எடுத்துக்கொண்டு. வேலை நேரத்தில் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ள விட்டிருந்த மகளை என்ன செய்தீர்கள்?

“அவளையுந்தாங்க ஐயா தூக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு.”

மொழிபெயர்ப்பாளர் ‘வடாகென’ என்றார், இடுப்பில் ஏந்திக்கொண்டு. சொன்னவர் தானே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கத்திக்கும் பாத்திரத்துக்கும் பிள்ளைக்கும் தமிழில் ஒரே ‘தூக்கிட்டு’தான் என்று நீதவானிடம் சொன்னார். தகராறின்போது இவர் கையில் பிள்ளை இருந்ததா என்று நீதவான் கணக்கப்பிள்ளையைக் கேட்டார். இருந்தது என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. கத்தி? பைக்குள்ள இருந்திருக்கும் என்றார் கணக்கப்பிள்ளை.

நான் தயாரித்து வைத்திருந்த அழகான சிங்களப் பேச்சுக்கு வேலையே இருக்கவில்லை. அண்ணன் அன்றே வீட்டுக்குப் போனார்.

அடுத்த கிழமை பாக்கியம் அக்கா இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. என் நாற்காலியில் இப்போது பை இல்லை. தோட்டத்து ஆட்கள் வந்தால் அன்று ‘இந்தியாவிலிருந்தா’ என்று கேட்ட பெரியவரே என்னிடம் அனுப்பிவைத்தார், கண்மூடும் வரை. ராமையா அண்ணனும் போய்விட்டார், பூசாரியும் போய்விட்டார். பீலி இருந்த இடத்தில் குழாய் வந்துவிட்டது. அன்று தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை கேகாலையில் டீச்சர். என் தமிழைத் திருத்துகிறாள்.

வழக்கு நாளில் இன்றும் முதலில் இங்கே வந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போகிறேன். நாவன்மை கேட்டேன், என் வாயிலேயே கிடந்த ஒரு சொல்லைக் காட்டிக்கொடுத்தாள் அம்மன். உங்களுக்கும் தாங்க முடியாதது ஏதாவது இருக்கும். இங்கே வாருங்கள், அழுங்கள், கேளுங்கள். கேட்டு முடித்ததும் சும்மா நிற்காதீர்கள். குடம் அதே இடத்தில்தான் இருக்கிறது.