அடியேன் விற்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் நாமம் என்று சொல்லக் கூடாது. திருமண் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒருமுறை வாய் தவறி, "அப்பா நாமம் போட்டுண்டிருக்கார்" என்று சொன்னதற்கு அம்மா தலையில் நறுக்கென்று குட்டினாள். ஊரில் யாராவது ஏமாந்துபோனால் 'நாமம் போட்டுட்டான்' என்று மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் அதையும் சொல்வதில்லை. ஏமாறுவதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையே இல்லை. அது நமக்குத் தேவைப்படாது என்று அப்பா நினைத்திருந்தார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் பெருமாள் கோயிலில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பார். சின்ன காஞ்சிபுரத்தில் கோஷ்டி என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. எதை யார் முதலில் சொல்வது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிற இரண்டு பிரிவுகள், இரண்டு கலைகள், எங்களுக்குள் உண்டு. நாங்கள் எந்தக் கலை என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் படிப்பதை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தாலும் அப்பா மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பேர் என்ன, பூர்வீகம் எது, எந்தப் பக்கம். இவ்வளவு கேட்டால் அவருக்கு ஒரு ஆளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். பால்காரர் முதல் பல் டாக்டர் வரை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். பல் டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கியபோதும், "பரவாயில்லை, நம்மவர்" என்று வாயில் பஞ்சோடு சொன்னவர்.

நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பெண்களிடையே ஒரு வேலை பிரபலமாக இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் தர வேண்டும். நான் அதற்குப் பயிற்சி எடுத்து, தேர்விலும் தேறியிருந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்ய வேலை தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், அதுவும் பொங்கலுக்குள். அது மார்கழி மாதம். மார்கழியில் எங்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். தை பிறந்தால் என் ஜாதகம் வெளியே கிளம்பிவிடும். பொங்கலுக்குள் கம்ப்யூட்டர் வந்தால் நான் சம்பாதிப்பேன். வராவிட்டால் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பேன். இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

புதுசு வாங்க வசதியில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், பழைய பொருள்கள் விற்கிற ஒரு இணையதளத்தில் தேடினேன். சென்டர்காரர், "ஆன்லைன்ல வாங்காதம்மா, பொருளைப் பாத்துக்கினு வாங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபடி, நேரில் போய்ப் பார்க்கக்கூடியதாகவே ஒன்று கிடைத்தது. விற்கிறவர் எங்கள் ஊர்க்காரர். என்ன கம்ப்யூட்டர், எத்தனை வருஷம் ஓடியது, கீபோர்டில் எந்த எழுத்து சரியாக வேலை செய்யாது என்பது வரை விளம்பரத்தில் எழுதியிருந்தார். இன்னொன்று பெங்களூரில். அது கொஞ்சம் மலிவு, கூடவே பிரிண்டர் இலவசம். அந்த விளம்பரத்தில் பொருளைப் பற்றி ஒன்றும் இல்லை. விற்கிறவரின் பேர் மட்டும் நீளமாக, எங்கள் ஆட்களின் பேராக இருந்தது.

இரண்டு நம்பரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேசுகிற பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அவருக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். முதலில் உள்ளூர்க்காரர். ஒரு கிறிஸ்தவப் பேரைச் சொன்னார்.

"நாங்க சன்னிதித் தெரு. நீங்க எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

"ரயில்வே கேட்டைத் தாண்டி சார். காலனில, சர்ச்சுக்கு எதிர் வீடு. இன்னைக்கு சாயங்காலமே வாங்க, போட்டுக் காட்டறேன். பில்லு கூட வச்சிருக்கேன்."

"காலனியா?" என்று கேட்டுவிட்டு அப்பா அதற்கு மேல் அவரிடம் எதுவும் பேசவில்லை. ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார். என் பக்கம் திரும்பி, "அவா தொட்டுண்டிருந்ததை எல்லாம் வாங்கி, பெருமாள் இருக்கற ஆத்துல வைக்க முடியுமா?" என்றார். மேல்துண்டை எடுத்துப் போனைத் துடைத்தார். போன் வழியாக என்ன ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ, தெரியவில்லை. கணக்கில் பட்டம் வாங்கியவர்.

அடுத்தது பெங்களூர். எடுத்த எடுப்பிலேயே அப்பா, "அடியேன், காஞ்சிபுரம் சன்னிதித் தெருவிலேர்ந்து பேசறேன்" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் குழைந்துகொண்டு வந்தது.

"அடியேன், அடியேன். சொல்லணும் ஸ்வாமி."

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததை வியாபாரம் என்றே சொல்ல முடியாது. அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதை எல்லாம் அப்பாவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "பூர்வீகம் ஸ்ரீரங்கமோ?" என்று அப்பா கேட்டார். "ஸ்ரீரங்கம்தான் ஸ்வாமி" என்றான். "உத்திர வீதியா, சித்திர வீதியா?" என்றார். "உத்திர வீதி" என்றான். முதலில் எதைச் சொன்னாரோ அதையே எடுத்துக்கொள்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியவில்லை. தேவப்பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது தன் வெகுநாள் ஆசை என்றான் அவன். பெருமாள் பேரையும் ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அப்பாவிடமிருந்து கேட்டிருந்தான்.

நான் குறுக்கே புகுந்து, "மெமரி எவ்வளவு சார்?" என்று கேட்டேன்.

"குழந்தை நன்னா கேக்கறதே. ரொம்ப சமத்து" என்றான். எவ்வளவு என்று சொல்லவில்லை.

போட்டோ அனுப்பச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் ஜாடை காட்டினேன். அப்பா ஸ்பீக்கரைக் கையால் மூடிக்கொண்டு, "நம்மவாகிட்ட போட்டோ கேக்கறதா? பேசாம இரு" என்று பல்லைக் கடித்தார். அம்மாவின் பேரில் இருந்த டெபாசிட்டை உடைத்து, அவன் சொன்ன பேங்க் கணக்கில் முழுத் தொகையையும் கட்டினார். அந்தக் கணக்கு வேறு யாரோ ஒரு ஆளின் பேரில் இருந்தது. பேங்க் குமாஸ்தாகூட அதைக் கவனித்துக் கேட்டார். அப்பா அவரையும் முறைத்துவிட்டு வந்தார்.

பார்சல் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருந்தால்கூட அந்தத் திருடன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். லாரி ஆபீசிலிருந்து அப்பா ஆட்டோவில் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டிமேல் சந்தனம், குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்துப் பிரித்தார். மானிட்டர் இருந்தது. பெரிய டப்பா இருந்தது. ஒயர்களை மாட்டிவிட்டு, பட்டனை அழுத்தும் உரிமையை அப்பா தனக்கு வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினார். கரண்ட் இல்லையோ என்று அம்மா மின்விசிறியைப் போட்டுப் பார்த்தாள். அது சுற்றியது.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே போர்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கன்னடப் பேப்பரில் சுற்றிய இரண்டு செங்கல் இருந்தன. எடைக்காக வைத்திருக்கிறான். பயணத்தில் குலுங்காமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல்கூடத் திணித்திருந்தான். அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா செங்கல்லைப் பார்க்கவே இல்லை. அந்தப் பேப்பரைப் பிரித்து, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் முதலில் பேசினாள். "நன்னா திருமண் சாத்திட்டான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் முழுக்க நாமம் என்று சொல்கிற இடத்தில், வாழ்க்கையே போகிற நேரத்தில்கூட எங்கள் அம்மாவுக்கு மரியாதைச் சொல்தான் வாயில் வந்தது. அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார், அடிக்கவில்லை.

அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். அப்பா நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும், எங்கே எடுத்துவிடப்போகிறானோ என்று தொண்டையைச் செருமி, 'அடியேன்' சொல்லத் தயாராக இருந்தார். போலீசுக்குப் போகலாம் என்றேன். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். செங்கல்லை வாசலில் கண்ட ஆட்டோக்காரர் மூலம் அது ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தது. கோஷ்டியில் எதிர் வரிசைக்காரர்கள் அவரைப் பார்த்து இருமினார்களாம்.

இரண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தவர், ஒரு காலை திருப்பாவை சேவித்துவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தார். அந்த நம்பரில் யாராவது எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன். அவன் நம்ம கலை இல்லை. அந்தக் கலை. 'அடியேன்'னு சொல்றப்போ ஒரு இழுப்பு இழுத்தான், அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார்.

அதோடு அவருடைய துக்கம் முடிந்தது. சாற்றமுதை, ஊரார் சொல்கிற ரசத்தை, ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பணம் போனதோ, பெண்ணின் வேலை போவதோ அவரை அரித்திருக்கவில்லை. நம்மவனிடம் ஏமாந்துவிட்டோமே என்பதுதான் அரித்திருக்கிறது. அப்பாவை நான் வெறுத்த நாள்கள் வேறும் உண்டு. அன்றுபோல் முழுசாக வெறுத்ததில்லை. எதிரில் உட்கார்ந்து, அவர் விரலை நக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரின் மூளையில் இருப்பதற்கும் அந்த டப்பாவுக்குள் இருந்ததற்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு இன்னும் சில நாள் இருந்தது. என் பெரியம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பணத்தை நம்பி, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்த உள்ளூர்க்காரரை அழைத்தேன். அப்பாவின் முட்டாள்தனம் என்னோடு தொடர்பில்லாதது என்ற எண்ணத்தில், குரலில் கொஞ்சம் தாராளத்தோடுகூடப் பேசினேன்.

"சார், அந்தக் கம்ப்யூட்டர் இருக்கா?"

"இருக்குதும்மா. எங்கேர்ந்து பேசறீங்க?"

சன்னிதித் தெரு என்றேன்.

"உங்களுக்குத் தர்றதா இல்லம்மா" என்றார்.

யாரோ அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதே விலை தருகிறேன், மேலேயும் தருகிறேன், இது இல்லாவிட்டால் என் வேலை போய்விடும், அப்பா வர மாட்டார், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"வேற யாரும் கேக்கலம்மா. சும்மாதான் கிடக்குது" என்றார். கோபமே இல்லாத குரல். "அன்னைக்கு உங்க அப்பா போனை சரியா வைக்கல. அவரு பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுக்கினுதான் இருந்துச்சு."

"அவர் அப்படித்தான் சார். அவர் பேசினதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அவரு வயசானவரு, விடுங்க. ஒரு பொண்ணு குரலும் கேட்டுச்சு. நம்மளுக்காக ஏதாச்சும் சொல்லுமான்னு நானும் வைக்காம கேட்டுக்கினு இருந்தேன். 'அடுத்த நம்பர் போடட்டுமாப்பா'ன்னுச்சு. நீங்கதானே?"

பூத் மீட்டரில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த நம்பர் போட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. தை பிறந்ததும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.