கடைசி மூலை கேட்ட ஜாஸ்மின்

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் தெருவோரம் மீன் விற்கும் ஜாஸ்மினிடம் ஏழு வருடமாக மீன் வாங்குகிறேன். இதுவரை அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் பையைத்தான் பார்ப்பாள். பேரம் கிடையாது. சங்கரா ஒரு வரிசை, நெத்திலி ஒரு வரிசை, எல்லாவற்றுக்கும் தலை கடல் பக்கம். நான் ஒன்றைப் புரட்டினால், நான் நகரும்வரைகூடப் பொறுக்காமல் திருப்பி வைப்பாள்.

ஒருமுறை, "வஞ்சிரம் எப்படி?" என்று கேட்டேன்.

"நேத்து மீனு. வாங்காத."

"பின்ன எதுக்கு வெச்சிருக்க?"

"கேக்காதவங்க வாங்குவாங்க."

பக்கத்துக் கடைக்காரிகள் இதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் மகன் பாரத் விஷயம் தெரியும்வரை.

பாரத் நாலு வயதுவரை சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மற்ற நேரமெல்லாம் டம்ளர்களை வரிசை வைப்பான். சமத்துப் பிள்ளை, தொந்தரவே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அடையாறில் இருக்கும் உளவியலாளர் நீரஜாதான் ஆட்டிசம் என்று சொன்னார். பேச்சுப் பயிற்சி, விளையாட்டோடு சேர்ந்த பயிற்சி என்று மூன்று வருடம் ஓடியது. இப்போது வேண்டியதைக் கேட்கிறான். வேண்டாததை அதைவிடச் சத்தமாகச் சொல்கிறான்.

பெரியவர்களிலும் இது உண்டு, கண்டுபிடிக்காமலே பாதி வாழ்க்கை போய்விடும் என்று நீரஜா ஒருநாள் சொன்னார். என் கண்முன் சங்கரா வரிசை வந்து நின்றது.

மறுநாள் நேராகவே சொல்லிவிட்டேன். "ஜாஸ்மினு, எம் புள்ளைக்கு இருக்கிறது உனக்கும் இருக்கும்போல."

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. பொறக்கும்போதே வர்றது."

"அப்ப சரி. நெத்திலி எவ்ளோ?"

அதோடு விட்டிருப்பாள். குப்பத்து மீன் கடைகளுக்கென்று கூரை போட்ட புதுக் கட்டடம் எழும்பியதுதான் வினை. மற்ற கடைக்காரிகளோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் கடையே போடவில்லை.

"அந்த ஃபேனு சத்தம், லைட்டு, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறது... தலைக்குள்ள பூந்துக்குது எக்கா. அங்க என்னால ஒக்கார முடியாது. தெருவுலயும் இனிமே வுடமாட்டாங்களாம்."

மீனை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. நீரஜாவிடம் கூட்டிப் போனேன். மூன்று தடவை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று அவள் அண்ணனைக் கேட்டார். ஆட்டிசம்தான் என்றார். மாத்திரை போட்டுப் போகிற நோய் இல்லை. சத்தத்துக்குக் காதடைப்பான், உட்கார ஒதுக்குப்புறமான இடம், நடுவே கொஞ்சம் ஓய்வு, இவ்வளவு இருந்தால் சமாளித்துவிடுவாள் என்றார்.

வெளியே வந்ததும் ஜாஸ்மின், "முப்பத்தெட்டு வருசமா திமிருன்னாங்க. இந்தப் பேரு பரவால்ல" என்றாள்.

கட்டடத்தில் இடம் பிரிக்கும் நாளன்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். மீன்காரப் பெண்களின் தலைவி பச்சையம்மா சீட்டுக் குலுக்க டப்பாவோடு நின்றாள். வாசலோர இடத்துக்காக மாதாவுக்கும் எல்லையம்மனுக்கும் வேண்டுதல்கள் பறந்துகொண்டிருந்தன. ஜாஸ்மின் எழுந்தாள்.

"எனக்குக் கடைசி மூல போதும். சீட்டு வேணாம்."

முப்பது பெண்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்காத மூலை அது. வாங்க வருகிறவர்கள் அங்கே போய்ச் சேருமுன் பை நிறைந்துவிடும்.

"ஏய், இது இன்னாத்துக்கு மூலையக் கேக்குது? பின்னால பெருசா வாசல் வைக்கப் போறாங்கடி!"

"அதான பாத்தேன்! அப்ப எனக்கும் மூல வேணும்."

"எனக்கும்!"

ஐந்து நிமிடத்தில் வாசலோர இடத்தைச் சீந்த ஆளில்லை.

"மூலைக்கும் சீட்டுதான்" என்று பச்சையம்மா டப்பாவைக் குலுக்கத் தொடங்கினாள்.

சீட்டு மாறி வந்தால் ஜாஸ்மின் பிழைப்பு போச்சு. எனக்குப் பொய் சொல்ல வெட்கம் கிடையாது. "வாசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மூலைக்கு அடியிலதான் சாக்கடைக் குழாய் வருதாம். எஞ்சினியரே எங்கிட்ட சொன்னாரு" என்று எடுத்துவிட்டேன். கூட்டம் முகம் சுளித்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுமுன் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இல்ல, எக்கா பொய் சொல்லுது. சாக்கட அந்தாண்ட கீது. நான் போய்ப் பாத்தேன்."

ஜாஸ்மினேதான். அப்படியே கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

பச்சையம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். "ஜாஸ்மினு, நீயே சொல்லு. பின்னால வாசல் வருதா?"

"வர்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு மூல?"

தரையைப் பார்த்தபடியே ஃபேனையும் லைட்டையும் கூச்சலையும் சொன்னாள். ஆட்டிசம் என்ற பேரையும் சொன்னாள். "நடுவுல ஒக்கார வெச்சா ஒரு வாரம் வருவேன். அப்புறம் வரமாட்டேன்."

ஒருத்தி சிரித்தாள். "இன்னாடி இது, புதுசா பேரு வெச்சுக்கினு..."

"சும்மா கெட!" பச்சையம்மா அதட்டினாள். "தனக்கு ஒதவ வந்த அம்மாவையே பொய்க்காரின்னு மாட்டிவுட்டுது. இதுவா நம்மள ஏமாத்தப் போவுது? மூல ஜாஸ்மினுக்கு. மத்தவங்க சீட்டு எடுங்க."

ஜாஸ்மின் நன்றி சொல்லவில்லை. நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். ஒரு சாண் தள்ளி மறுபடி உட்கார்ந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கு ஆறு மணிக்குக் கடை போட்டுருவேன். வரும்போது பொய் சொல்லாத எக்கா."