பெடலில் நிற்காத ரப்பர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் ஈப்போ புந்தோங்கில் பத்துமலை என்கிறவன் வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்கலாம். ஒரு நீல நிற பிக்கப் கொடி படர்ந்து நிற்கிறது. பழைய இரும்புக்காரன்கூட அதை விலைக்குக் கேட்பதில்லை.

பத்துமலைக்கு நடுவழியில் நின்ற வண்டிகளையும் பள்ளத்தில் விழுந்த வண்டிகளையும் இழுத்து வருகிற தொழில். பிக்கப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கிரேனும் இரும்புக் கயிறும் உண்டு. பிணம் கிடந்த வண்டியைக்கூட இழுத்துக்கொண்டு வந்து, கை கழுவிவிட்டு, வயிறு முட்டச் சாப்பிடுகிற ஆள். பேய் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அன்று முழுக்க அவரைக் கிண்டல் செய்தே ஒரு வழி பண்ணிவிடுவான்.

1982இல், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு காய்கறி லாரியை இழுத்துக்கொண்டு தாப்பா மலைப் பாதையில் இறங்கினான். பாதி வழியில் பிரேக் சூடேறிப் புகைந்துவிட்டது. பெடல் தரை வரைக்கும் போகிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. பின்னால் லாரி தள்ளுகிறது. மலைச் சரிவில் உரசி உரசித்தான் உயிர் பிழைத்தான். விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி செல்லாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

“பிள்ளைக்கு அப்பா வேணுங்க. பிரேக்க மாத்தாம இந்த வண்டில நீங்களும் ஏறாதீங்க. நானும் ஏற மாட்டேன்.”

செல்லாயியின் அண்ணன் சீனி பட்டறை வைத்திருந்தான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“மச்சான், இந்த பிரேக்கு சாமான் ஏத்தத்தான் தாங்கும். இழுவைக்குத் தாங்காதுலா. முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடணும். மாஸ்டர் பம்ப்பும் பெருசா போடணும்.”

பழைய இரும்புக் கடையில் அதே ஜாதி வண்டி ஒன்று, கொஞ்சம் புதுசு, கிடைத்தது. பார்த்ததுமே பத்துமலைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பீடோர் தோட்டத்துப் பிச்சைமுத்துவின் வண்டி. அந்த வருஷம் மார்ச் மாதம், பீடோர் பக்கம் ஈயம் தோண்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டை ஒன்றிலிருந்து பத்துமலைதான் அதைக் கயிறு போட்டு இழுத்தான்.

பிச்சைமுத்து உள்ளேயே செத்துக் கிடந்தான். மனைவி வீரம்மா யாரோடோ சிங்கப்பூருக்கு ஓடிப்போய்விட்டாளாம், அந்த அவமானம் தாங்காமல் குட்டையில் வண்டியை விட்டுவிட்டானாம். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். வீரம்மாவைப் பெற்ற தாயே அவள் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினாள்.

வண்டியை இழுத்தபோது நடந்த ஒன்று மட்டும் பத்துமலைக்கு ஞாபகம் இருந்தது. கயிறு முதலில் அசையவே இல்லை. பிறகு, ஏதோ கை நழுவியதுபோல, சட்டென்று லேசாகிவிட்டது. மேலே வந்த வண்டியில் இடப்பக்கக் கதவு திறந்து தொங்கியது. சேறு கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

டிஸ்க், பம்ப், பிரேக் பெடல், ஆக்ஸிலரேட்டர் என்கிற எண்ணெய்ப் பெடல் எல்லாவற்றையும் சீனி அப்படியே கழற்றி, கழுவி, புது சீல் போட்டு மாட்டினான். பிரேக் பெடலில் மட்டும் ரப்பர் இல்லை. புதுசு வாங்கிப் போட்டான். மறுநாள் காலையில் அது கழன்று கீழே கிடந்தது. பசை தடவிப் போட்டான். அதுவும் கழன்றது.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செல்லாயி இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். பத்துமலை வண்டியை நகர்த்தினான்.

பழத்தைத் தொடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

மறுபடியும் நகர்த்தினான். மறுபடியும் நின்றது. “புது பிரேக்குலா, கொஞ்சம் புடிக்கும்” என்று சீனி சிரித்தான். செல்லாயிக்கு இடுப்பு வலித்தது, இறங்கிவிட்டாள். அவள் இறங்கியதும் வண்டி நல்ல பிள்ளையாகப் பழங்களை நசுக்கிக்கொண்டு போனது. சகுனம் சரியில்லை என்று பூசாரி முணுமுணுத்தார். பத்துமலை வழக்கம்போல அவரையும் கிண்டல் செய்தான்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. எவ்வளவு பாரத்தை இழுத்தாலும் தொட்ட இடத்தில் நின்றது. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இடப்பக்கத் தரை மட்டும் தினமும் ஈரமாக இருந்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டான்.

வளைகாப்பு முடிந்தது. செல்லாயியை அம்மா வீட்டில் விட வேண்டும். அது பீடோரைத் தாண்டி உள்ளே போகிற தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்த காலம் அது. செம்மண் சாலை, மழைக்கு வழுக்கும். அந்தச் சாலை இறக்கத்தில் திரும்புகிற இடத்தில்தான் அந்தக் குட்டை.

மாலை ஆறே முக்கால். மழை. வைப்பர் சத்தம்... டக்... டக்...

“என்னங்க, காலு ஜில்லுன்னு இருக்கு. தண்ணி ஏறுதா?”

“மழத் தண்ணி. காலத் தூக்கி வச்சிக்க.”

இறக்கம் வந்தது. பத்துமலை பிரேக்கை மிதித்தான்.

வண்டி நிற்கவில்லை.

இன்னும் மிதித்தான். வேகம் குறையவில்லை... கூடியது.

தாப்பா மலை கண்முன் வந்துபோனது. மாற்றிய பிரேக்கும் கைவிட்டுவிட்டதா? காலை முழுப் பலத்தோடு அழுத்தினான். எஞ்சின் அலறியது. எதிரே சாலை இல்லை. கறுப்புத் தண்ணீர்.

அப்போது காலுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம்.

டப்.

டப்...

டப்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது.

பத்துமலை குனிந்து பார்த்தான்.

அவன் கால் பிரேக்கின் மேல் இல்லை. வேகம் கூட்டுகிற எண்ணெய்ப் பெடலின் மேல் இருந்தது.

பக்கத்தில் பிரேக் பெடல் தானாக... தரையோடு அமுங்கிக் கிடந்தது.

அதன் மேல் யார் காலும் இல்லை.

மெல்ல... மெல்ல மேலே எழுந்தது. ரப்பர் கழன்று கீழே விழுந்தது.

செல்லாயி கதவோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். குட்டையைப் பார்த்து அல்ல. அவனைப் பார்த்து.

“நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துறேன்... நீங்க சிரிச்சிக்கிட்டே எண்ணெய மிதிக்கிறீங்க.”

அவள் கத்தியது அவன் காதில் விழவே இல்லை. சிரித்ததும் தெரியவில்லை. எனக்கு எதுவும் தெரியாது என்று அவன் சொல்லச் சொல்ல அவள் பின்னால் நகர்ந்தாள். மழையிலேயே இறங்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அம்மா வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். கூடவே வந்தவனைத் தள்ளி நடக்கச் சொன்னாள்.

மறுநாள் சீனி வேறு வண்டி கொண்டுவந்து பிக்கப்பை ஈப்போவுக்கு இழுத்துப் போனான். அன்று முதல் அது வீட்டின் பின்னால்தான் நிற்கிறது. பெண் குழந்தை பிறந்தது. செல்லாயி திரும்பி வந்தாள், குடும்பம் நடத்துகிறாள். ஆனால் அவன் ஓட்டுகிற எதிலும் ஏறுவதில்லை. குழந்தையையும் ஏற்ற விடுவதில்லை. எங்கே போனாலும் பஸ்தான். அவனுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, வாய் திறந்து கேட்கத் தைரியம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் மழை, வழுக்கல், பயம் என்று ஏதாவது சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

அடுத்த வருஷம் மணல் எடுக்க அந்தக் குட்டையை இறைத்தார்கள். அடிக் களிமண்ணில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடந்தன. கழுத்துப் பக்கம் தாலி. கால் பக்கம் மெட்டி. வீரம்மா எங்கேயும் ஓடிப்போகவில்லை. சிங்கப்பூரில் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சாவுக்கு வந்தார்கள். பெற்றவள் மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள்.

சீனியும் போயிருந்தான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“மச்சான்... அவ வலது கைய மூடிக்கிட்டு இருந்தா. வெரலுக்குள்ள ஒரு ரப்பரு. பிரேக் பெடல் ரப்பரு.”

பத்துமலைக்குப் புரிய நேரம் ஆகவில்லை. புருஷன் எண்ணெயை மிதிக்க மிதிக்க, அவள் குனிந்து இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கியிருக்கிறாள். ரப்பர் கையோடு வந்துவிட்டது.

அவன் எழுந்து பின்பக்கம் போனான். ஒரு வருஷமாகத் திறக்காத பிக்கப் கதவைத் திறந்தான்.

பிரேக் பெடல் வெறும் இரும்பாக, மேலேதான் இருந்தது.

பக்கத்தில் எண்ணெய்ப் பெடல்... தரையோடு அமுங்கியிருந்தது.

கையை விட்டுத் தூக்கிப் பார்த்தான்.

அது எழவில்லை.